இரைப்பு

— நிறுத்தாதீங்க பிட்டர் சார். இன்னும் கொஞ்ச நேரம். காலு ஓடிகினே இருக்கட்டும்.

— முடியல.

— முடியலன்னு சொல்றதுக்கு மூச்சு இருக்குதில்ல? அப்ப மிதிக்கறதுக்கும் இருக்கும்.

— போதும் கலியம்மா. எறங்கறேன்.

— எறங்குங்க. டாக்டரு வந்து கேட்டா நான் என்னான்னு சொல்றது?

— முடியலன்னு சொல்லு.

— நேத்தும் அதத்தான் சொன்னன். முந்தா நாளும் அதத்தான். அவரு கண்ணாடியக் கழட்டிகினு என்னையே பாக்கறாரு. என்னமோ நான்தான் உங்க கையப் புடிச்சி கீழ எறக்கி உட்ட மாதிரி.

— பரவால்ல.

— உங்களுக்கு எல்லாமே பரவால்ல. இந்தாங்க துண்டு. கழுத்தத் தொடைங்க. ஃபேனுக்கு நேரா நிக்காதீங்க, வேர்வ உள்ள எறங்கிடும்.

— எங்க உக்காரணும்?

— எப்பவும் உக்கார்ற எடந்தான். இந்த பெஞ்சி. முதுகு நேரா. இப்ப பாட்டில்.

— நேத்து ஊதினேனே.

— தெனமும் ஊதணும். இந்த பாட்டில்ல இருக்கற செவப்புத் தண்ணி குழா வழியா அந்த பாட்டிலுக்குப் போவணும். கன்னத்த உப்ப வெக்காதீங்க. அடிவயித்துலேருந்து வரணும். ஆங், அப்பிடித்தான். மெதுவா. மெதுவா.

— ...

— பாதிக்கு மேல போயிட்டுது பாருங்க. போன மாசம் இந்தத் தண்ணி அசையக்கூட இல்ல. ஞாபகம் இருக்குதா?

— இல்ல.

— எனக்கு இருக்குது. ஊதிட்டு செவுத்துல தலைய சாச்சிகினு கண்ண மூடிட்டீங்க. நான் போயி சிஸ்டரக் கூட்டியாந்தன். மூச்சே இல்லாத மாதிரி இருந்துச்சி.

— அப்படியா.

— உங்க சேதியத்தான் சொல்றன், பிட்டர் சார். யாரோ ஊராரு சேதியக் கேக்கற மாதிரி கேக்கறீங்க.

— இந்த சைக்கிள் ஏது? இங்க யாரும் இதுல ஏறி நான் பார்த்ததில்ல.

— அட! இன்னிக்கித்தான் வாயத் தொறந்து ஒரு கேள்வி கேட்டிருக்கீங்க. ரஷ்யாக்காரரு ஒருத்தரு பவர் ஹவுசு வேலைக்கி வந்தாராம். ஊருக்குத் திரும்பறப்ப ஆஸ்பத்திரிக்கிக் குடுத்துட்டுப் போனதாம். வந்த புதுசுல நான்கூட சுத்திச் சுத்திப் பாத்தன். ஒரே சக்கரம். அதுவும் தரையத் தொடாது. இத்த ஓட்டிகினு எங்க போவறதுன்னு நெனச்சன்.

— பேரிங் காஞ்சிருக்கு. கிரீஸ் வைக்கணும்.

— உங்க கண்ணுக்குத் தெரியுதா அது?

— காதுக்குத் தெரியுது.

— நாளைக்கி வெச்சிக் குடுங்களேன். உங்க வேலதான அது.

— நான் பைப்பு ஃபிட்டர். வால்வு, ஜாயின்ட், பம்பு.

— எல்லாம் இரும்புதான? சக்கரத்து மேல வாரு ஒண்ணு போவுது பாருங்க. இந்தத் திருக முறுக்கினா வாரு இறுகும். மேட்டுல மிதிக்கிற மாதிரி இருக்கும். தளர்த்தினா சமதரை. இன்னிக்கி கொஞ்சம் கூட முறுக்கச் சொன்னாரு டாக்டரு. நான் முறுக்கல.

— ஏன்?

— முறுக்கினா இன்னும் சீக்கிரமா எறங்கிடுவீங்க. கோவமா?

— இல்ல. கோவம் வரல.

— பிட்டர் சார், நான் ஒண்ணு கேக்கலாமா? இஷ்டம் இருந்தா சொல்லுங்க. உங்களுக்கு எப்பிடி ஆச்சின்னு ஆஸ்பத்திரில ஆளுக்கொரு மாதிரி சொல்றாங்க.

— சொல்றதுக்கு என்ன இருக்கு. போன ஐப்பசி. குடிதண்ணி பைப்புக்குப் பள்ளம் வெட்டியிருந்தாங்க, வடக்குத்து பக்கம் போற ரோட்டோரம். ஜாயின்ட் பாக்க எறங்கினேன். நாலஞ்சு நாளா மழை. மண்ணு ஊறிப் போயிருந்தது. சரிஞ்சுது. அவ்ளோதான்.

— யாரும் தடுக்கலயா?

— யார் தடுக்கறது. நல்லாத்தான் இருந்தது. ஏணி வெச்சு நானேதான் எறங்கினேன்.

— அப்புறம்?

— அப்புறம் கடலூர் ஆஸ்பத்திரி. அங்கேர்ந்து மெட்ராஸ். விலா உடைஞ்சு நுரையீரல்ல குத்தியிருந்தது. சீழ் வெச்சுது. டியூப் போட்டாங்க. பொங்கல் கழிச்சு இங்க அனுப்பிட்டாங்க.

— பள்ளத்துல நீங்க ஒண்டியாத்தான் இருந்தீங்களா?

— இல்ல. இன்னொரு ஆள்.

— யாரு?

— மண்ணு வெட்டற ஆள். கான்ட்ராக்ட். ஓரத்துல சேறு வாரிக்கிட்டு இருந்தார்.

— அவரு என்னா ஆனாரு?

— போயிட்டார்.

— பேரு என்னாவாம்?

— தெரியாது.

— ஒரே பள்ளத்துல ரெண்டு பேரும் நின்னிருக்கீங்க.

— அன்னைக்குத்தான் பார்த்தேன். பார்த்தேன்னுகூட சொல்ல முடியாது. குனிஞ்சிருந்தார். மழைக்கு கோணிப்பைய மடிச்சு தலையில கவுத்திருந்தார். முகம் தெரியல.

— கோணிப்பையா.

— ஆமா. ஏன்?

— ஒண்ணும் இல்லீங்க. பாட்டில எடுங்க. இன்னொரு தடவ ஊதலாம்.

*

— நீதான் கலியம்மாவா? எங்க வீட்டுக்காரரை சைக்கிள் மிதிக்க வைக்கறது நீதானா?

— ஆமாங்க. நீங்க பிட்டர் சார் வூட்டுக்காரம்மாவா?

— ருக்குமணி. அவரை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. வர்ற வரைக்கும் இங்க உக்காரலாமில்ல?

— தாராளமா உக்காருங்க. ஃபேன் போடவா?

— வேணாம்மா. கம்பெனி பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன், ஒரே வேர்வை, தானா காயட்டும். இதுவா அந்த சைக்கிள்? என்னமோ பெருசா இருக்கும்னு நெனச்சேன். என் பொண்ணு கேக்கறா, அப்பா தெனமும் சைக்கிள்ல எந்த ஊருக்கும்மா போறாருன்னு. என்ன சொல்றது போ.

— வூட்டுல எப்பிடி இருக்காரு?

— வெச்ச எடத்துல வெச்ச மாதிரி இருக்கார். நாற்காலியில உக்கார வெச்சா நாற்காலி. கட்டில்ல படுன்னா கட்டில். அன்னைக்கு ஞாபகமறதியா கொழம்புல உப்பே போடல. நான் வாயில வெச்சதும் துப்பிட்டேன்னு வெச்சுக்கோ. அவர் தட்டைக் காலி பண்ணிட்டு கையக் கழுவிட்டார். சண்டை போடுவார் கலியம்மா, முந்தியெல்லாம். ரசத்துல புளி கூடிப்போச்சுன்னா அன்னைக்குப் பூரா அதே பேச்சுதான். அந்தச் சண்டை எப்ப வரும்னு இப்ப காத்துக்கிட்டு இருக்கேன்.

— வரும்மா.

— சின்னவன் வாசப்படியில விழுந்து முட்டி பேந்து ரத்தம் கொட்டுது. இவர் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கார். ரோட்டுல பஸ் போனா பாப்போமே, அப்படி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. மெட்ராஸ் டாக்டரைக் கேட்டேன். ஒடம்பு தேறினா மனசும் தேறும்னார்.

— ஒடம்பு தேறிகினுதான் வருது. மாடிப்படி நிக்காம ஏறி வராரு. மொதல்ல பாதியிலயே செவுத்தப் புடிச்சிப்பாரு.

— அப்படியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!

— அவருக்கே தெரியுமோ என்னமோ.

— அடுத்த திங்கக்கிழமை மெடிக்கல் போர்டு. நாலு டாக்டரு முன்னாடி இந்த சைக்கிள்ல ஏத்தி மிதிக்கச் சொல்வாங்களாம். ஃபிட்டுன்னு எழுதினா வேலை. இல்லேன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு எங்க போறது சொல்லு. இதையெல்லாம் அவர்கிட்ட சொன்னா பரவால்லங்கறார்.

— இங்கயும் அதே பேச்சுதான்.

— தூக்கத்துல ஒண்ணு செய்யறார். மூச்சை அப்படியே புடிச்சுக்கறார். யாரோ பக்கத்துல மெதுவாப் பேசறதைக் காது குடுத்துக் கேக்கற மாதிரி. அப்புறம் விடறார். நான் முழிச்சுக்கிட்டு அவர் எப்ப விடுவார்னு பார்த்துக்கிட்டே படுத்திருக்கேன். என் மூச்சும் நின்னு போயிடும் போல இருக்கும்.

— கேக்கற மாதிரியா?

— ஆமா. என்னம்மா?

— ஒண்ணும் இல்லீங்க. சொல்லுங்க.

— கூட இருந்தவன் அந்த நிமிஷமே போயிட்டானாம். அதுவும் ஒரு விதத்துல நல்லதுதான்னு வெச்சுக்கோ. வலி தெரிஞ்சிருக்காது.

— அந்த நிமிஷமேன்னு யாரு சொன்னாங்க?

— எல்லாரும்தான் சொன்னாங்க.

— ஆமா. எல்லாருந்தான் சொன்னாங்க.

— வடக்குத்து ஆளுன்னு கேள்விப்பட்டேன். பொண்டாட்டி சின்ன வயசுக்காரியாம். ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வரணும்னு பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். அப்புறம் திரும்பிட்டேன். அவகிட்ட போய் என்னன்னு சொல்றது? எம் புருஷன் இருக்கார், அதைச் சொல்லிட்டுப் போக வந்தேன்னா?

— போயிருக்கலாம். வந்தவங்களுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுத்திருப்பா.

— அவளை உனக்குத் தெரியுமா?

— அந்த ஊருதான் நானும்.

— அப்ப நீ பாத்தா சொல்லு. இந்த மாதிரி, ருக்குமணின்னு ஒருத்தி நெனச்சுக்கிட்டுதான் இருக்கான்னு. உனக்குப் பிள்ளைங்க?

— இல்லீங்க.

— வீட்டுக்காரர்?

— கான்ட்ராக்ட்டு வேலைல இருந்தாரு.

— இப்போ இல்லியா?

— இப்ப இல்ல.

— கவலைப்படாதே. மைன்ஸுக்குப் புதுசா ஆள் எடுக்கப் போறாங்கன்னு பேசிக்கறாங்க. கெடைக்கும்.

— ஆங். உங்க வூட்டுக்காரரு வராரு பாருங்க.

*

— என்ன கிரீஸ் வாசம்?

— நீங்கதான சொன்னீங்க, பேரிங்கு காஞ்சிட்டுதுன்னு. ஆம்புலன்சு டிரைவரு வேணுகிட்ட கேட்டு வாங்கியாந்தன். எங்க வெக்கறதுன்னு தெரியல. சக்கரத்து மேலயே பூசிட்டன்.

— அங்க இல்ல. நகரு. இந்த மூடியக் கழட்டணும். இதுக்குள்ள.

— இப்ப சத்தம் வராதா?

— வராது.

— ஏறுங்க. மொதல்ல மெதுவா. கை ரெண்டும் இறுக்கமா புடிக்க வேணாம், தோள எறக்குங்க. மூக்கால இழுங்க. உடும்போது வாயக் குவிச்சி, வெளக்க ஊதி அணைக்கிற மாதிரி உடுங்க. இழுக்கறதக் காட்டியும் உடறது நீளமா இருக்கணும். ஆங். ஆங்.

— எக்ஸ்ரே பார்த்தியா?

— நான் பாத்தா என்னா தெரியும்? டாக்டரு வெளிச்சத்துல புடிச்சிப் பாத்துட்டு நல்லா விரிஞ்சிட்டுதுன்னு சொன்னாரு. ஓரத்துல கொஞ்சம் தழும்பு இருக்குதாம். ஆளு மலையேறலாம், எதுக்கு சைக்கிள்லேருந்து எறங்கறாருன்னு என்னையக் கேக்கறாரு. இப்ப திருக இறுக்கறன். மேடு. கால நிறுத்தாதீங்க. போங்க, போங்க. நல்லா போறீங்க.

— ...

— இன்னும் கொஞ்சம். நேத்து எறங்கின நேரம் தாண்டிட்டீங்க. பிட்டர் சார்? பிட்டர் சார், எதுக்குக் கால எடுத்தீங்க?

— போதும்.

— நல்லாத்தான போயிகினு இருந்தீங்க?

— போதும்னா போதும்.

*

— நாளைக்கி ஞாயித்துக்கெழம. ரூமு தொறக்க மாட்டாங்க. நாளான்னிக்கி போர்டு. இன்னிக்கி ஒரு நாள்தான் இருக்குது.

— தெரியும்.

— தெரிஞ்சிதான் மறுபடியும் எறங்கப் பாக்கறீங்களா?

— ருக்குமணி வந்து உன்கிட்ட எதாவது சொன்னாளா?

— சொன்னாங்க. அது வேற. நான் பாத்தத நான் சொல்றன், கேளுங்க. காலு வலிச்சி யாரும் இப்பிடி எறங்க மாட்டாங்க. மூச்சு முட்டியும் இல்ல. நல்லா மிதிச்சிகினே இருக்கீங்க, மூச்சு வேகமா வர ஆரம்பிக்குது. ஒடனே தலைய ஒரு பக்கமா சாய்க்கறீங்க. எதையோ கேக்கற மாதிரி. அப்புறம் படக்குன்னு கால எடுத்துடறீங்க. தெனமும் அதே எடத்துல.

— உனக்கு எதுக்கு அதெல்லாம்?

— அதுக்குத்தான என்னைய இங்க நிக்க வெச்சிருக்காங்க. சொல்லுங்க. கதவ சாத்திட்டன். கேக்கறதுக்கு யாரும் இல்ல.

— கேக்குது.

— என்னா கேக்குது?

— மூச்சு.

— உங்க மூச்சா?

— அதுதான் தெரியல. சொன்னா பைத்தியம்னு எழுதிடுவாங்க.

— எனக்கு எழுதத் தெரியாது பிட்டர் சார். சொல்லுங்க.

— மண்ணு விழுந்தப்ப சத்தமே இல்ல. மேல யாரோ போர்வையப் போட்டு மூடின மாதிரி. ஒரே இருட்டு. பைப்பு எங்களுக்கு மேல குறுக்க நின்னுடுச்சு. அதனால முகத்துக்கிட்ட மட்டும் கொஞ்சம் எடம். கை அசையல. நெஞ்சு மேல பாரம். வாயத் தொறந்தா மண்ணு. அந்த ஆள் என் பக்கத்துலயே இருந்தார். காதுக்கிட்ட.

— உசுரோடயா?

— மூச்சு விட்டுக்கிட்டு இருந்தார்.

— அந்த நிமிசமே போயிட்டாருன்னு சொன்னாங்களே.

— யாரு?

— எல்லாரும். நீங்க சொல்லுங்க.

— இல்ல. அந்த நிமிஷமே இல்ல. அவர் பேசல. நானும் பேசல, பேச முடியாது. மூச்சு மட்டும் கேட்டது. என்னால இழுக்க முடியல. இழுத்தா விலா உள்ள குத்துது. விட்டுடலாம்னு ஆயிடுச்சு எனக்கு. போதும்னு. அப்ப அவர் இழுக்கறது கேட்டது. மெதுவா, நீளமா. அவர் இழுத்தப்ப நானும் கொஞ்சம் இழுத்தேன். அவர் விட்டப்ப விட்டேன். அப்புறம் அப்படியே. அவர் சொல்லிக் குடுக்கற மாதிரி, நான் கூடவே செய்யற மாதிரி. நீ இங்க நின்னுக்கிட்டு இழுங்க, உடுங்கங்கறியே, அந்த மாதிரி.

— எம்மா நேரம்?

— அங்க ஏது நேரம்.

— அப்புறம்?

— தெரியல. எது அவரோடது, எது என்னோடதுன்னு தெரியாம போயிடுச்சு. மேல மம்பட்டி சத்தம் கேட்டது. அப்பவும் மூச்சு கேட்டுக்கிட்டுதான் இருந்தது. என் தோளைப் புடிச்சு இழுத்தாங்க. வெளிச்சம். யாரோ ஒருத்தன் அவரைத் தொட்டுப் பார்த்துட்டு சொன்னான், இது சில்லிட்டு ரொம்ப நேரம் ஆச்சுன்னு. அப்ப நான் கேட்டது யாரோட மூச்சு? இதுல வேகமா மிதிச்சா, ஒரு அளவுக்கு மேல போனா, அது வந்துடுது. காதுக்கிட்ட. அதேதான். நுரையீரல்ல தழும்பு இருக்கறதால வர்ற இரைப்புன்னு டாக்டர் சொல்றார். அதைக் கேட்டுக்கிட்டே என்னால மிதிக்க முடியல. நிறுத்தினா அதுவும் நின்னுடுது. தெனமும் வந்து நான்தான் அதை நிறுத்தறேன் கலியம்மா. நிறுத்திட்டு எறங்கி துண்டால கழுத்தைத் தொடைச்சுக்கறேன். ஒண்ணும் தோண மாட்டேங்குது. அழுகைகூட இல்ல.

— அந்த மூச்சு எப்பிடி இருக்கும்?

— மூச்சு மாதிரிதான் இருக்கும்.

— அப்பிடி இல்ல. இழுக்கும்போது மூக்குலேருந்து சன்னமா ஒரு சீட்டி வருமா? உடும்போது வராது. இழுக்கும்போது மட்டும். வருமா, பிட்டர் சார்?

— உனக்கு எப்படித் தெரியும்?

— சின்னப் புள்ளைல மாடு முட்டி மூக்குத் தண்டு சாஞ்சி போச்சி. அதுலேருந்து அப்பிடித்தான். பக்கத்துல படுத்தா தூக்கம் வராது. மொந்தானைய சுருட்டி காதுல வெச்சிகினு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவன்.

— கலியம்மா.

— எங்க வூட்டுக்காரரு அவரு. எதுக்கு இப்பிடிப் பாக்கறீங்க? இன்னிக்கித்தான் என் மூஞ்சியப் பாக்கறீங்க. இத்தினி நாளா சக்கரத்தப் பாப்பீங்க, இல்லாட்டி செவுத்தப் பாப்பீங்க.

— ஏன் சொல்லல நீ?

— சொல்லி? அவரு போனப்புறம் மேஸ்திரி யாரு யாரையோ புடிச்சி இந்த ஆயா வேலைல சேத்து உட்டாரு. பிரசவ வார்டுல போட்டிருந்தாங்க. பொங்கல் கழிச்சி உங்கள ஸ்ட்ரெச்சர்ல கொண்டாந்தப்ப, அந்தப் பள்ளத்துலேருந்து வந்த ஆளு இவருதான்னு சிஸ்டரு சொன்னாங்க. நான்தான் கேட்டு இந்த ரூமுக்கு மாத்திகினு வந்தன்.

— எதுக்கு?

— கடைசியா அவரு பக்கத்துல இருந்தது நீங்கதான. அவரு எதாச்சும் சொன்னாரா, வலிச்சிச்சா, தண்ணி கேட்டாரா... கேக்கணும்னு வந்தன். அப்ப உங்களுக்கு ரெண்டு வார்த்த சேந்தாப்ல வராது. பாதியில நின்னுடும். சரி, மூச்சு வரட்டும்னு மிதிக்க வெச்சன். பாட்டில ஊத வெச்சன். மூச்சு வந்திச்சி. பேச்சு வரல. மேல மேல கேக்கறதுக்கு எனக்கும் வாயி வரல.

— அவர் எதுவும் சொல்லல கலியம்மா.

— அதான் சொன்னீங்களே.

— தண்ணி கேக்கல.

— சரி.

— அவர் பேர் என்ன?

— வைத்திலிங்கம்.

— வைத்திலிங்கம்.

— ஆங். கட்டிகின நாள்லேருந்து இந்தப் பேர நான் சொன்னதே இல்ல. இனிமே சொன்னா என்னா.

— நீ அழல.

— வரல. அன்னிக்கி எல்லாரும் என்னையக் கட்டிப் புடிச்சிகினு அழுதாங்க. எனக்கு யாரோ தொடறாங்கன்னு தெரியுது, அம்மாந்தான். அதுலேருந்து இப்பிடித்தான் இருக்கன். வேலைக்கி வரன், போறன். பசிச்சா துன்றன்.

— எனக்கும் அப்படித்தான்.

— தெரியும். வந்த அன்னிக்கே தெரிஞ்சிபோச்சி.

— என்னைப் பார்த்தா உனக்குக் கோவம் வரலியா? ரெண்டு பேர்ல ஒருத்தன் வந்தேன்.

— கோவம் வந்தா நல்லா இருந்திருக்கும். அதுவும் வரல.

— நான் எறங்கறேன். போர்டுக்கும் போகல. இனிமே இதுல ஏற முடியாது என்னால.

— இருங்க. ஒண்ணு கேக்கறன். அந்த இரைப்பு எப்பவும் இருக்குமா உங்களுக்கு?

— இருக்காதாம். தெனமும் மிதிச்சா நெஞ்சு தேறத் தேற கொறஞ்சு, ஒரு நாள் தானா போயிடும்னார் டாக்டர்.

— போயிடுமா?

— போயிடும்.

— அப்ப எறங்காதீங்க. திருக இறுக்கி உடறன், வேகமா மிதிங்க. அது வந்தப்புறமும் நிறுத்தாதீங்க, பிட்டர் சார். நான் பக்கத்துல வந்து நிக்கறன். அது போறதுக்குள்ள எனக்கு ஒரு தடவ கேக்கணும்.